முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்

மெத்தையின் ஒரு முனையை மெர்லீன் பிடித்து இழுத்தாள். மறுமுனையை லாசெல்ஸ் விடவில்லை.

"விடு பிரதர் லாஸ். இன்னிக்கு ஒன்பதாம் நாள். இந்த அறையத் திருப்பிப் போடலன்னா உன் அக்கா ராத்திரி வந்து அவ பாட்டுக்குப் படுத்துக்குவா."

"படுக்கட்டும். அவ கட்டில்."

"செத்தவங்களுக்கு அடையாளம் தெரியக் கூடாது. அப்பத்தான் போற வழியப் பாத்துப் போவாங்க. உசுரோட இருந்தப்பவே இசில்டா யார் சொல்லியும் எழுந்து போனவ இல்ல. கவுன்சில் ஆபீஸ் படிக்கட்டுல மூணு நாள் உக்காந்தவ. கட்டில் இதே இடத்துல கெடந்தா தீந்துச்சு கதை. தினம் நீதான் டீ போட்டுக் குடுக்கணும்."

"அந்த ஆள் வந்துட்டுப் போகட்டும். பதினோரு மணின்னு சொன்னான்."

"அவன் வர்ற வரைக்கும் செத்தவ காத்திருக்கணுமா?"

"அவனுங்களுக்காக அறுபது வருஷம் காத்திருந்தவதான். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்பா."

மெர்லீன் மெத்தையை விட்டாள். அவள் சர்ச்சுக்காரி, கை கால் விளங்காமல் கிடந்த கடைசி மாதங்களில் இசில்டாவைக் குளிப்பாட்டியவள். அவள் பேச்சைத் தட்டுவது லாசெல்ஸுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தட்டினார். கீழே சமையலறையில் மீன் பொரியும் வாசம் மாடி வரை வந்தது. சாயந்திரம் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் பாதிப் பேர் இந்த வீட்டுக்கு வருவார்கள். பாடுவார்கள், ரம் குடிப்பார்கள், டோமினோ ஆடுவார்கள், இசில்டாவை அனுப்பி வைப்பார்கள். உடம்பு இன்னும் சவக்கிடங்கில்தான் இருந்தது. புதைப்பது அடுத்த வெள்ளிக்கிழமை. ஆனால் ஒன்பதாம் நாள் ஒன்பதாம் நாள்தான்.

செத்த மறுநாளே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. லாசெல்ஸின் மகள் இவெட் பேசினாள், அவரிடமும் கொடுத்தாள். எதையும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள் என்றது அந்தக் குரல். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதே எங்களுக்கு ஒரு தகவல் என்றது. அப்படிப்பட்ட ஆட்கள் சொன்னதில் லாசெல்ஸுக்கு வாழ்நாளில் பிடித்த முதல் வார்த்தை அதுதான். இசில்டாவும் அதையேதான் சொல்லியிருந்தாள். "எல்லாம் சேந்தே இருக்கணும் லாஸ். பிரிக்க விட்டுறாத." அவர் சரி என்றிருந்தார். அதனால் எட்டு நாளாக அறையைப் பூட்டிச் சாவியைக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். படுக்கும்போதும் அந்தக் கால்சட்டைதான்.

அந்த அறையில் என்ன இருந்தது? ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, ஒரு மேசை. மேசைமேல் அவள் படம் செதுக்கிய லினோலியத் துண்டுகள், செதுக்கும் உளிகள், மை காய்ந்த ஒரு மரக்கரண்டி. அச்சு இயந்திரம் வாங்க வழியில்லாமல் அந்தக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துத்தான் ஒவ்வொரு சுவரொட்டியையும் அச்சடித்தாள். சுவரோரம் ஒரு அலமாரி. அதில் சுருட்டிய சுவரொட்டிகள், கடிதக் கட்டுகள், அடித்தட்டில் ஆறு ஷூ பெட்டிகள்.

ஜமைக்காவில், போர்ட்லாந்து மலையில் இசில்டா பள்ளிக்கூடத்து டீச்சர். கப்பல் ஏறி இங்கே வந்ததும் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தட்டு கழுவினாள். தட்டு கழுவிக்கொண்டே பார்த்தாள். ஜமைக்காவிலிருந்து வந்த நம் பிள்ளைகளில் யார் யார் திடீரென்று காணாமல் போகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று. அப்புறம்தான் அந்தப் பிள்ளைகளுக்கு அவளே நடத்திய சனிக்கிழமைப் பள்ளிக்கூடம், ஊர்வலம், படிக்கட்டில் உட்கார்ந்தது எல்லாம். படமும் அதற்காகத்தான் போட்டாள். சுவரில் மாட்ட இல்லை.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே ஆறு பெட்டிகளையும் ஊர் நடுவில் ஒரு ஆவணக் காப்பகத்துக்கு லாசெல்ஸும் இசில்டாவும் இரண்டு பஸ் மாறி எடுத்துப் போனார்கள். மூன்று அவர் கையில், மூன்று அவள் கையில். மேசைக்குப் பின்னால் இருந்தவள் மூடியைக்கூடத் திறக்கவில்லை. உள்ளூர் விஷயம், இடமில்லை என்றாள். அதே ஆறு பெட்டியோடு திரும்பவும் இரண்டு பஸ். வீட்டு வாசலில் இசில்டா நின்று, "நாம செத்தா வருவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

போன வருஷம் அவள் சுவரொட்டி ஒன்றை லண்டனில் ஒரு பெரிய கலைக்கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். இப்போது வருகிறார்கள்.

பல்கலைக்கழகத்து ஆள் பெல்லிங்கம் சரியாகப் பதினோரு மணிக்கு இவெட்டோடு மாடி ஏறி வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். யாரும் சொல்லாமலே வாசலில் ஷூவைக் கழற்றியிருந்தான். அது லாசெல்ஸுக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே ஜாக்கிரதையானார்.

"மிஸ்டர் பர்ரெல், உங்க அக்கா போனது எங்களுக்கும் பெரிய வருத்தம்."

"அவளப் பாத்திருக்கீங்களா?"

"நேர்ல இல்ல. அவங்க படைப்புகள் மூலமா."

லாசெல்ஸ் கையிலிருந்த சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, திறந்திருந்த கதவிலிருந்து ஒதுங்கி நின்றார்.

பெல்லிங்கம் மெல்லிய கையுறை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினான். தொடங்கியவுடனேயே லாசெல்ஸுக்குத் தெரிந்துவிட்டது. லினோலியத் துண்டுகள் ஒரு பக்கம் போயின. சுவரொட்டிகளில் நல்ல நிலையில் இருந்தவை அதே பக்கம். கடிதக் கட்டுகளைப் பிரித்து, கையெழுத்தை மட்டும் பார்த்து, பெரிய மனிதர்கள் எழுதியவற்றை உருவிக்கொண்டான். மற்றவை இன்னொரு பக்கம். கரண்டியைப் பார்த்து, "இது அருமை" என்றான்.

"எதையும் நகத்தாதன்னு போன்ல சொன்னது நீங்கதானே?"

"ஆமா. நாங்க வந்து தேர்வு செய்யற வரைக்கும்."

வாசற்படியில் நின்ற மெர்லீன் பல்லுக்கிடையில் காற்றை இழுத்து இளக்காரமாகச் சீறினாள். அந்தச் சத்தத்துக்கு ஜமைக்காவில் பிறந்த யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

ஆறு பெட்டிகளும் கட்டில்மேல் வந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் மேலே, பள்ளிக்கூடத்திலிருந்து அப்படிக் காணாமல் போன ஒரு பிள்ளையின் படம், பென்சிலில், உள்ளங்கை அளவு. கீழே இசில்டாவின் பொடி எழுத்து. பெல்லிங்கம் முதல் பெட்டியிலிருந்து அட்டைகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒன்றை உருவி மெத்தையில் வைத்தான். கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

லாசெல்ஸின் கோட்டுப் பையில் டோமினோ பெட்டி இருந்தது. சாயந்திர ஆட்டத்துக்கான அவருடைய சொந்தப் புள்ளிக் கட்டைகள். வேறு யாருடைய கட்டையையும் அவர் நம்புவதில்லை. அவர் அதைத் திறந்தார். பெல்லிங்கம் ஒரு அட்டையை உருவியபோதெல்லாம், அது இருந்த இடைவெளியில் ஒரு கட்டையை நிறுத்தி வைத்தார்.

"என்ன செய்யறீங்க?"

"நீங்க உங்க வேலையப் பாருங்க."

"அகரவரிசையில இல்லையே. பேர் வரிசையில நாங்களே அடுக்கிக்கறோம், மிஸ்டர் பர்ரெல்."

"தெரு வரிசை. அவ நடந்து போன வரிசை. ஒரு தெருவுல பதினோரு பிள்ளைங்கன்னு இதத் தொட்டுப் பாத்தாலே தெரியும். பேர் வரிசையில வெச்சா தெரியாது."

பெல்லிங்கம் தலையசைத்தான். கேட்டுக்கொள்கிறவன் மாதிரிதான் அசைத்தான். மூன்றாவது பெட்டியில் ஒரு அட்டையை எடுத்ததும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான்.

"இதுதான் எல்லாத்துலயும் சிறந்தது. இந்த ஷூவப் பாருங்க. பையன் முகத்தவிட ஷூ பேசுது."

லாசெல்ஸ் பார்த்தார். ஏழு வயதுப் பையன். அரைக்கால் சட்டை. புது ஷூ. அது பழுப்பு நிறம் என்று படத்தில் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் வாங்கியது. முதல் நாள் ராத்திரி அவரே பாலீஷ் போட்டது.

அவர் கை டோமினோ பெட்டிக்குள் போய்க் கிடைத்த கட்டையை எடுத்தது. இரட்டை ஆறு, இரண்டு பக்கமும் ஆறு புள்ளி. அதை அந்த இடைவெளியில் வைத்தார்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவர் மகன் நெவிலின் தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்தார். அவனை மாற்றப்போகிற பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார், வாசலுக்கே பஸ் வரும், எல்லோருக்கும் இடம் கிடைக்காது என்றார். போர்ட்லாந்தில் வாசலுக்கு வண்டி வந்து ஏற்றிப் போனது தோட்டத்து முதலாளியின் பிள்ளையை மட்டும்தான். லாசெல்ஸ் ஒன்பது வயதில் பள்ளியை விட்டு வாழைத்தார் சுமந்தவர். கையெழுத்துப் போட்டார். நன்றி சொன்னார். மறுநாள் தான் வேலை பார்த்த இரும்பு வார்ப்பு ஆலையில் எல்லோரிடமும் சொன்னார். கேட்டவர்களில் நாலு பேர், என் பையனுக்கும் கிடைச்சிருக்கு என்று கை குலுக்கினார்கள். இரண்டு வருஷம் கழித்துத்தான் இசில்டா நெவில் முன்னால் ஒரு செய்தித்தாளை விரித்தாள். பையனுக்கு ஓர் எழுத்துத் தெரியவில்லை. அங்கே மணி கோக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். புத்தி மந்தமான பிள்ளைகளை அடைக்கிற இடம் அது.

அந்த அட்டையில் தன்னைப் பற்றி அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று அவர் கேட்டதே இல்லை. அவளும் காட்டியதில்லை.

பன்னிரண்டு அட்டைகள் மெத்தையில் வரிசையாகக் கிடந்தன.

"மத்தது?" என்றார் லாசெல்ஸ்.

"இந்தப் பன்னிரண்டையும் சட்டம் போட்டுக் காட்சிக்கு வைப்போம். கீழ எழுதியிருக்கறது தெரியாம மறைச்சிடுவோம். தனிப்பட்ட விவரம், பாருங்க. படம் மட்டும் போதும்."

"மத்த முந்நூறு?"

பெல்லிங்கம் இவெட்டைப் பார்த்தான். இவெட் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்காகப் பெருக்கல் குறி போட்ட கோடு. பெல்லிங்கம் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான்.

"அப்பா, எல்லாம் பேசியாச்சு. உங்க வீடே ஈரம். எங்க வீட்டுல நிக்க இடமில்ல. இவங்ககிட்டயாவது பத்திரமா இருக்கும்."

"படி."

"நான் படிச்சிட்டேன்."

"எனக்குப் படி. ஒவ்வொரு வரியும்."

பெல்லிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இவெட் படித்தாள். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். படிவம் படிக்கிற குரல் அவளுக்கு உண்டு. இரண்டாம் பக்கம் வரை அந்தக் குரல் ஓடியது. மூன்றாம் பக்கத்தில் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?"

"'தேர்வு செய்யப்படாத பொருட்கள், தனிநபர் விவரங்கள் அடங்கியிருப்பின், பாதுகாப்பான முறையில் அழிக்கப்படும்.'"

கீழே மீன் சட்டியில் எண்ணெய் சடசடத்தது.

"அது வழக்கமான வாசகம்," என்றான் பெல்லிங்கம். "உண்மையில அந்தப் பிள்ளைகளோட நன்மைக்குத்தான். மந்தம், அது இதுன்னு பேரோட எழுதியிருக்கு. அவங்க வெளிய தெரியறத விரும்ப மாட்டாங்க."

லாசெல்ஸுக்கு ஒரு நொடி தோன்றியது: அழிந்தால் தன் பெயரும் சேர்ந்து அழியும். அப்படித் தோன்றியதற்கு அவருக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"இவெட், அதுல ஒண்ண எடு. ஏதாவது ஒண்ணு. படி."

அவள் நாலாவது பெட்டியில் கை வைத்தாள். "'பெயர்: டெஸ்மண்ட் பின்னாக். வயது எட்டு. அனுப்பிய காரணம்: மந்தம், பேச்சு புரியவில்லை. கையெழுத்து: தாய். தாய்க்கு எடுத்துச் சொன்னவர்: யாரும் இல்லை.'"

வாசற்படியில் மெர்லீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என் பையன்," என்றாள். "பேச்சு புரியலயாம். நம்ம வீட்டுல பேசற மாதிரி பேசினான். இப்ப டொராண்டோவுல பஸ் ஓட்டறான். பரீட்சை எழுதி பாஸ் பண்ணித்தான் ஓட்டறான்."

"இன்னொண்ணு," என்றார் லாசெல்ஸ்.

"'பெயர்: பியூலா மெக்கென்சி. வயது ஆறு. காரணம்: பேசுவதில்லை. கையெழுத்து: தகப்பன். தகப்பனுக்கு எடுத்துச் சொன்னவர்: யாரும் இல்லை.'"

"போதுமா, இன்னும் படிக்கணுமா?" என்று லாசெல்ஸ் பெல்லிங்கத்தைக் கேட்டார்.

"மிஸ்டர் பர்ரெல், எனக்குப் புரியுது..."

"உங்களுக்குப் புரியாது. பெத்தவங்க சம்மதிச்சுத்தான் அனுப்பினோம்னு கவுன்சில்ல சொன்னாங்க. அப்புறம் கவுன்சில் காகிதம் பூரா எங்க போச்சுன்னு தெரியல. சம்மதம்னா என்னன்னு எழுதி வெச்சது ஊர்லயே இவ ஒருத்திதான். அந்தப் பாதிய மறைச்சிட்டு மேல இருக்கற ஷூவ மாட்டப் போறீங்க."

"அவங்க ஒரு கலைஞர். நாங்க கலைஞராத்தான் அவங்களப் பாதுகாக்க நினைக்கறோம்."

"அவ டீச்சர். அவ சண்டைக்காரி. படம் போட்டதும் அதே கைதான். கைய வெட்டி எடுத்துட்டுப் போறேன்னு வந்து நிக்கறீங்க. அதுவும் ஒன்பதாம் நாள்."

குரலை அவர் உயர்த்தவில்லை. பேனாவை வாங்கினார், அதன் மூடியை மாட்டினார், பெல்லிங்கத்தின் சட்டைப் பையிலேயே செருகினார்.

"ஒரு தடவ நல்லதுன்னு சொன்னாங்க, கையெழுத்து போட்டேன். மறுபடி போட மாட்டேன். ஆறு பெட்டியும், எல்லாக் கடுதாசியும், வந்த வரிசையிலயே எடுத்து வைக்க உங்களால ஆகும்னா எழுதிக் கொண்டாங்க. என் பொண்ணு படிப்பா. இல்லேன்னா ஒண்ணும் கிடையாது. கரண்டிகூட."

பெல்லிங்கம் கையுறையைக் கழற்றினான். குழுவிடம் கேட்க வேண்டும் என்றான்.

"கேளுங்க. வெள்ளிக்கிழமை அடக்கம். வந்து எல்லாரோடயும் நில்லுங்க. இந்த அட்டையில இருக்கறவங்க பாதிப் பேரு அங்க இருப்பாங்க. வெளிய தெரிய வேண்டாம்னு எவனாவது சொல்றானான்னு அவங்களையே கேளுங்க."

அவன் கீழே இறங்கி ஷூ மாட்டும் சத்தம் கேட்டது. இவெட் படிவத்தை நாலாக மடித்தாள்.

"இத எங்கப்பா வெப்பீங்க? சொல்லுங்க. உங்க வீட்டுச் சுவர்ல பூசணம்."

"அலமாரி வாங்கு. உன் வீட்டுல அந்தப் பெரிய டிவிய எடுத்துட்டு வெய்யி."

"மூணாம் பக்கத்த நான் சரியாப் படிக்கல," என்றாள் இவெட், மடித்த படிவத்தைப் பார்த்தபடி. "ஓட்டிட்டேன்."

தரையில் கிடந்த கடிதங்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டத் தொடங்கினாள். அவர் அட்டைகளை எடுத்தார். முதல் அட்டை, முதல் கட்டை. அட்டை உள்ளே, கட்டை வெளியே. பதினொன்று போனது. நெவிலின் அட்டையை மட்டும் போடவில்லை. மேசைமேல் குப்புற வைத்தார்.

"மெர்லீன்," என்றார். "இப்பப் பிடி."

மெத்தை புரண்டது. கட்டில் ஜன்னலடிக்குப் போனது. கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியது. மேசை குறுக்கே நின்றது. மெர்லீன் நாலு மூலையிலும் வெள்ளை ரம் தெளித்தாள். அலமாரியை எதிர்ச் சுவருக்குத் தள்ளினார்கள். பெட்டிகளை மட்டும் லாசெல்ஸ் யாரையும் தொட விடவில்லை. எது முதல், எது கடைசி என்று அப்படியே எடுத்து வைத்தார்.

"பெட்டிய மாத்தி வெக்கலன்னா அதப் பாத்து வந்துருவா," என்றாள் மெர்லீன். சொன்னாளே தவிர, மாற்றச் சொல்லவில்லை.

சாயந்திரம் ஆறு மணிக்கெல்லாம் கீழே நிற்க இடமில்லை. இசில்டாவுக்கென்று ஒரு தட்டில் மீனும் ரொட்டியும் வைத்து மூடியிருந்தார்கள். பாட்டு ஒரு பக்கம், சண்டை ஒரு பக்கம். நெவில் மாடிப்படி ஏறி வந்தான். ஐம்பத்தேழு வயது, லாரி ஓட்டிப் பருத்த உடம்பு. அறைக்குள் காலை வைத்ததும் மேசை முனையில் முழங்காலை இடித்துக்கொண்டான்.

"இது எப்ப இங்க வந்துச்சு?"

"உன் அத்தைக்கு வழி தெரியக் கூடாதாம்."

"எனக்கே தெரியல. அப்பா, கீழ கத்தறானுங்க. ஆட்டம் தொடங்க முடியல. இரட்டை ஆறக் காணோம். நீங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு க்ளாட்ஸ்டன் சத்தியம் பண்றான்."

"தோக்கறதுக்கு முன்னாடியே காரணம் தேடறான்." லாசெல்ஸ் மூன்றாவது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "மேசையில ஒண்ணு இருக்கு. எடு. படி."

நெவில் அட்டையைத் திருப்பினான். படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"மூக்குக்கண்ணாடி கீழ இருக்கு."

"கண்ணாடி இல்லாமயே உனக்குப் படிக்க வரும்."

நெவில் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். படிக்கும்போது இன்றும் அவன் விரல் எழுத்துக்கடியில் ஓடும். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கற்றுக்கொண்டான்.

"'பெயர்: நெவில் பர்ரெல். வயது ஏழு. அனுப்பிய காரணம்: மந்தம். கையெழுத்து: தகப்பன்.'"

விரல் நின்றது.

"அடுத்தது?"

"'தகப்பனுக்கு எடுத்துச் சொன்னவர்: யாரும் இல்லை.'"

கீழே யாரோ பாட்டை மேல் சுருதியில் எடுக்க, மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள்.

"ஷூவ நல்லா வரைஞ்சிருக்காங்க," என்றான் நெவில்.

"லேஸ் தப்பு. ஒரு முடிச்சுதான் போட்டிருக்கா. நான் ரெண்டு முடிச்சு போட்டேன். நீ ஓடறப்ப அவுந்துரும்னு."

நெவிலின் கை அட்டையோடு சட்டைப் பைப்பக்கம் போனது. லாசெல்ஸ் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே இருந்தது. நெவில் அட்டையைக் கொடுத்தான்.

அவர் இரட்டை ஆறை உருவினார். அந்த இடத்தில் அட்டை இறங்கியது, முன்னும் பின்னும் அதே தெருப் பிள்ளைகள். கட்டையைக் கால்சட்டையில் துடைத்து மகன் கையில் வைத்தார்.

"க்ளாட்ஸ்டன்கிட்டக் குடுக்காத. நீ போடு."

நெவில் இறங்கிப் போனான். லாசெல்ஸ் பெட்டியை மூடி, திசை மாறிக் கிடந்த கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் கீழே மேசைமேல் அந்தக் கட்டை ஓங்கி விழுந்த சத்தம் கேட்டது.